ஒரு பருவத்துக் கணக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பழைய இரும்பு ஏற்றிக்கொண்டு வருகின்ற ஒவ்வொரு லாரியும் முதலில் எடைமேடையின்மீது ஏறி நின்று, தன் எண்ணையும் எடையையும் வந்த நேரத்தையும் சீட்டில் பதிந்துகொண்ட பிறகே உலைக்கூடத்தின் பக்கம் போகிறது. சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போதும் அதே மேடையில் மறுபடியும் நின்று, வந்த எடைக்கும் போகும் எடைக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிவிட்டுத்தான் வெளியேறுகிறது. தொழிலாளிக்கு வருகைப் பதிவேடு உண்டு. மின்சாரத்துக்கு மீட்டர் உண்டு. கணக்கில்லாமல் தொழில் இல்லை என்பது அங்கே அனைவரும் அறிந்த சாஸ்திரம். அந்தத் தொழிற்பேட்டைக்குக் கிழக்கே, சுண்ணாம்புக்குளத்தைத் தாண்டினால் விரிந்து கிடக்கின்ற பழவேற்காட்டு ஏரிக்கு, ஐப்பசி தொடங்கிப் பங்குனி முடிய, வடதுருவத்தை அடுத்த பனிவெளிகளிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவின் பீடபூமிகளிலிருந்தும் வந்து இறங்கும் பறவைகளின் வரவையும் செலவையும் நாள்தோறும் எழுதி வைக்க மட்டும் ஓர் ஏடு இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை, தை மாதத்தையொட்டி, வனத்துறையினரும் ஆர்வலர்களும் ஏரிக்கரைக்குச் சென்று எண்ணி வருகிறார்கள். அது போற்றத்தக்க பணியே என்பதில் ஆட்சேபமில்லை. ஆயினும், வருஷத்துக்கு ஒரு நாள் கல்லாப்பெட்டியைத் திறந்து பார்க்கின்ற வியாபாரி தன் லாப நஷ்டத்தை அறிந்தவன் ஆவானா?

இந்தக் கேள்வியைப் பறவைப் பிரியர்களின் ஆதங்கமாக மட்டும் கொள்ளலாகாது. பழவேற்காட்டையும் எண்ணூரையும் சூழ்ந்த இந்த வடசென்னை–திருவள்ளூர்க் கரையில் எந்த ஆலை வரலாம், எந்தத் துறைமுகம் விரியலாம், எந்தத் தாழ்நிலம் மண்ணிட்டு மேடாக்கப்படலாம் என்று தீர்மானிக்கும்போது, அத்தீர்மானங்களுக்கு ஆதாரமாக நம் கையில் இருக்கும் அறிவு எத்தகையது, எத்தனை நாள் பழக்கத்தினால் பெற்றது என்னும் கேள்வி அது. பறவைகளின் வலசையைப் பற்றி இந்நாட்டில் நடந்த ஆராய்ச்சியின் சரித்திரத்தைச் சற்று நிதானமாக நோக்கினால், அதற்குரிய விடை தானே புலப்படும்.

பறவைகள் எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்று அறிவதற்கு மனிதன் கண்ட உபாயங்களுள் மிக எளியது, அவற்றின் காலில் ஒரு வளையம் பூட்டுவது. டென்மார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்த மார்ட்டென்சன் என்பவர், 1899-ல் மைனா இனத்தைச் சேர்ந்த சில பறவைகளின் கால்களில் எண் பொறித்த அலுமினிய வளையங்களை மாட்டிப் பறக்கவிட்டதிலிருந்து இந்த முறை முறையான விஞ்ஞானமாக வளர்ந்தது. நம் நாட்டில், 1883-ல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், தார் சமஸ்தானத்து மகாராஜாவின் ஒத்துழைப்புடன் 1927-ஐ ஒட்டிச் சில வாத்துகளுக்கு வளையம் பூட்டியது. வளையத்தில் ஓர் எண்ணும், கண்டெடுத்தவர் பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சுருக்கமான வாசகமும் இருக்கும். அந்த வளையத்தோடு பறந்து போன பறவை எங்கோ ஒரு வேடனின் கையிலோ மீனவனின் வலையிலோ அகப்பட்டு, அவன் அந்த வாசகத்தைப் படித்து, ஒரு கடிதம் எழுதினால்தான் செய்தி வரும். ஆயிரம் வளையங்களுக்கு ஒன்றிரண்டு கடிதம் வந்தாலே பாக்கியம். சத்திமுத்தப் புலவர் செங்கால் நாரையிடம் தம் வறுமையைச் சொல்லி, ஊரில் இருக்கும் மனைவிக்குச் செய்தி சொல்லுமாறு வேண்டினார் என்பது தமிழர் அறிந்தது. புலவரின் தூதுக்குப் போய்ச்சேர வேண்டிய முகவரி இருந்தது. விஞ்ஞானியின் தூதுக்கோ அனுப்பியவர் முகவரி மட்டுமே உண்டு. எங்கே போய்ச்சேரும் என்பதைத்தானே அவர் அறிய விரும்புகிறார்!

இந்தச் சிறு முயற்சி பெருந்திட்டமாக வளர்ந்த விதம் விசித்திரமானது. 1957-ல் அன்றைய மைசூர் ராஜ்யத்தின் ஷிமோகா ஜில்லாவில் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் கூட்டங்கூட்டமாய் மடிந்தன. மனிதரும் கடுங்காய்ச்சலுக்கு ஆளாயினர். உண்ணிகளால் பரவும் அந்நோயின் கிருமி, ருஷ்யாவில் காணப்படும் ஒரு மூளைக்காய்ச்சல் கிருமிக்கு நெருங்கிய உறவாக இருந்தமையால், சைபீரியாவிலிருந்து வரும் பறவைகளே அதைச் சுமந்து வந்தனவோ என்ற சந்தேகம் எழுந்தது. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் பொருட்டு உலக சுகாதார ஸ்தாபனம் உதவி செய்ய, பறவையியல் அறிஞர் டாக்டர் சாலிம் அலியின் தலைமையில் 1959-ல் பம்பாய்க் கழகம் பெரிய அளவில் வளையமிடும் பணியைத் தொடங்கியது. நோயைப் பரப்பியவை பறவைகள் அல்ல என்று பிற்பாடு தெளிவாயிற்று. ஆனால் அதற்காகச் சேர்ந்த கணக்கு, இந்தியாவின் நீர்நிலைகள் பாதி உலகத்தின் பறவைகளோடு எவ்வாறு பிணைந்திருக்கின்றன என்பதை முதன்முதலாக நமக்குக் காட்டியது. ஒரு கேள்விக்காகச் சேர்த்த அறிவு வேறொரு கேள்விக்கு விடையாவது விஞ்ஞானத்தில் அடிக்கடி நிகழ்வது. ஆகையால்தான், கேள்வி எழுவதற்கு முன்பே அறிவைச் சேர்த்து வைக்க வேண்டும் என்று பெரியோர் கருதினர்.

சாலிம் அலி தமிழ்நாட்டின் கோடியக்கரையைக் கண்டு, அங்கே வந்து கூடும் பறவைகளின் பெருக்கத்தை உணர்ந்து, அதைக் காப்பாற்ற வேண்டுமென வற்புறுத்தியதன் பயனாக, அவ்விடம் 1967-ல் சரணாலயமாயிற்று. எண்பதுகளில் அவரது வழிகாட்டுதலில் பணிக்கு வந்த தமிழர் டாக்டர் எஸ். பாலச்சந்திரன், மண்டபம் கடற்கரையின் பறவைகளை ஆராய்ந்து பட்டம் பெற்றவர், பின்னர்ப் பல பத்தாண்டுகள் கோடியக்கரையைத் தம் ஆராய்ச்சிக்கூடமாகக் கொண்டவர். அவரும் அவருடைய சகாக்களும் செய்த வேலையில் மேடைக்குரிய ஆடம்பரம் எதுவுமில்லை. அந்தி சாயும் வேளையில் சேற்றில் இறங்கி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலைகளை நட்டு, இரவில் அவற்றைச் சுற்றி வந்து, சிக்கிய உள்ளான்களையும் உப்புக்கொத்திகளையும் காயப்படாமல் எடுத்துத் துணிப்பையில் இட்டு, விளக்கொளியில் அவற்றின் இறக்கையையும் அலகையும் அளந்து, எடை போட்டு, இறகு உதிர்கிறதா என்று பார்த்து, வயதைக் குறித்து, வளையம் பூட்டி, விடிவதற்குள் விடுவிப்பது. மறுநாளும் அதையே செய்வது. அடுத்த வருஷமும் அதையே செய்வது. இந்தப் பணியில் பிகார் மாநிலத்தின் மீர்ஷிகார் என்னும் பரம்பரைப் பறவை பிடிப்போரைக் கழகம் அமர்த்திக்கொண்டது. தலைமுறை தலைமுறையாகச் சந்தைக்காகப் பறவை பிடித்த கைகள், விஞ்ஞானத்துக்காகப் பிடித்து விடுகின்ற கைகளாயின. வேட்டைக்காரனின் அறிவைப் பழிக்காமல் பயன்படுத்திக்கொண்ட அந்த விவேகத்தை, பிற்பாடு நாம் மீண்டும் நினைக்க வேண்டியிருக்கும்.

இத்தகைய பொறுமையினால் தெரியவந்தவை யாவை? முதலாவதாக, கோடியக்கரையில் வளையமிட்ட உள்ளான்கள் சைபீரியாவில் அகப்பட்டன. ஈரானில் வளையமிட்ட பூநாரைகள் கோடியக்கரையில் காணப்பட்டன. இரண்டாவதாக, ஒரு வருஷம் எந்தச் சேற்றுத் திட்டில் வளையமிடப்பட்டதோ, அதே திட்டுக்கு அதே பறவை மறுவருஷமும் அதற்கு மறுவருஷமும் திரும்பி வந்தது. சுமார் 25 கிராம் எடையே உள்ள கொசு உள்ளான், ஆயிரக்கணக்கான மைல் பறந்து, தான் சென்ற வருஷம் மேய்ந்த அதே சகதிக்கு வருகிறது என்றால், நீர்நிலைகள் ஒன்றுக்கொன்று மாற்றாகும் என்ற வாதம், அதாவது இந்த ஏரியை அழித்தால் பறவைகள் பக்கத்து ஏரிக்குப் போய்விடும் என்று நாம் எளிதாகச் சொல்லிக்கொள்ளும் சமாதானம், அடியோடு விழுகிறது. மூன்றாவதாக, எண்பதுகளில் கோடியக்கரையில் லட்சக்கணக்கில் கூடிய பறவைகள் பின்னர் மிகவும் குறைந்துபோயின. நல்ல நீர் வந்து கலப்பது குறைந்து, உப்பளங்கள் பெருகி, நீரின் உவர்ப்பு மாறவே, சேற்றில் வாழும் புழுக்களும் நத்தைகளும் மாறின. அவற்றை உண்ணும் பறவைகளும் மாறின. ஒரு வருஷம் மட்டும் எண்ணியவன் இந்தக் குறைவைக் கண்டிருக்க முடியாது. அவனுக்கு அந்த வருஷத்துக் கூட்டமே பெருங்கூட்டமாகத் தோன்றியிருக்கும். முப்பது வருஷம் எண்ணியவன்தான் கண்டான்.

அலுமினிய வளையத்துக்குப் பிறகு வானத்துக் கோள்களோடு பேசும் கருவிகள் வந்தன. இந்திய நீர்நிலைகளில் பிடிக்கப்பட்ட வரித்தலை வாத்துகளின் முதுகில் அக்கருவிகளைப் பொருத்திப் பின்தொடர்ந்த சர்வதேச ஆராய்ச்சிக் குழுவில் பாலச்சந்திரனும் ஒருவர். அதன் முடிவுகள் 2011-ல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞான அகாதமியின் ஏட்டில் வெளியாயின. சமவெளியிலிருந்து கிளம்பும் அப்பறவைகள் ஏழெட்டு மணி நேரத்துக்குள் 4,000 முதல் 6,000 மீட்டர் உயரம் ஏறி இமயத்தைக் கடக்கின்றன என்றும், பகலில் மலைச்சரிவுகளில் மேல்நோக்கி வீசும் காற்றின் உதவியை நாடாமல், காற்று அடங்கிக் குளிர்ந்திருக்கும் இரவையும் விடியலையும் தேர்ந்துகொள்கின்றன என்றும் அவை காட்டின. குளிர்ந்த காற்று அடர்த்தியானது; இறக்கைக்குப் பிடிமானம் தருவது; சுவாசத்துக்கும் வசதியானது. மலையைக் கடக்க அவற்றிடம் உள்ள மூலதனம் காற்றன்று, தசையும் கொழுப்புமே. அந்தத் தசையும் கொழுப்பும் தென்னாட்டு வயல்களிலும் ஏரிகளிலும் தின்ற தீனியினால் ஆனவை.

இப்போது பழவேற்காட்டுக்கு வருவோம். ஒரிஸாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி என்று பெயர்பெற்ற இது, பெரும்பகுதி ஆந்திரத்திலும் சிறுபகுதி நம் திருவள்ளூர் ஜில்லாவிலுமாகக் கிடக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாத் தீவு இதை வங்கக் கடலிலிருந்து பிரிக்கிறது. தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கியும் சுவர்ணமுகியும் நன்னீரைக் கொண்டுவர, முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்க, இரண்டும் கலந்த உவர்நீரில் இறாலும் நண்டும் மீனும் செழிக்கின்றன. தமிழகப் பகுதியில் 153.67 சதுர கிலோமீட்டர் 1980-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியராக விளங்கிய பி. ஜே. சஞ்சீவராஜ் இந்த ஏரியின் ஜீவராசிகளை நெடுங்காலம் ஆராய்ந்து தொகுத்த நூலை, தேசியப் பல்லுயிர் ஆணையம் 2006-ல் வெளியிட்டது. தனிமனிதரின் உழைப்பு என்ற அளவில் அது வணக்கத்துக்குரியது. தனிமனிதரின் உழைப்பையே நம்பியிருக்கும்படி ஒரு பேரேரியை விட்டுவைத்தது நமக்குப் பெருமை தருவதன்று.

இவ்வேரியில் பறவைகளுக்கு வேண்டியது நீர் என்று பொதுவாகச் சொல்வது போதாது. எத்தனை விரற்கடை நீர் என்பதே விஷயம். கொசு உள்ளானுக்குச் சேறு நனைந்திருந்தால் போதும். கணுக்கால் முழுகினால் அது மேய முடியாது. கருவால் மூக்கனின் நீண்ட காலும் அலகும் அதைவிடச் சற்று ஆழத்துக்கு ஏற்றவை. பூநாரை முழங்கால் நீரில் நின்று, தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகின் சல்லடையால் நீரை வடித்து, பாசியையும் நுண்ணுயிர்களையும் உண்கிறது. கூழைக்கடாவுக்கு மீன் நீந்தும் ஆழம் வேண்டும். ஆக, ஏரியின் நீர்மட்டம் அரை அடி மாறினாலும், உவர்ப்பு சிறிது கூடினாலும் குறைந்தாலும், ஒரு பந்தியில் ஓர் இலை எடுக்கப்பட்டு மற்றோர் இலை போடப்படுகிறது என்றே கொள்ள வேண்டும். மாசி பங்குனியில் இந்த விருந்தாளிகள் மேய்ச்சலை அதிகப்படுத்தி, உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு வடக்கே கிளம்புகின்றன. அந்த மாதங்களில் சுண்ணாம்புக்குளத்துச் சேறு ஏமாற்றினால், அதன் தண்டனை ஆனி மாதத்தில் சைபீரியாவில் முட்டையிடாத கூட்டில் தெரியும். அந்தக் கூட்டைப் பார்க்க நாம் அங்கே இல்லை. மறு ஐப்பசியில் குறைந்து வரும் கூட்டத்தைத்தான் பார்ப்போம், அதுவும் எண்ணுகிறவர் ஒருவர் இருந்தால்.

இனி, ஏரிக்கு மேற்கேயும் தெற்கேயும் உள்ளதைச் சொல்ல வேண்டும். கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகளும் வார்ப்படச் சாலைகளும், தேர்வாய்கண்டிகையின் புதிய தொழிற்பேட்டையும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அடுப்பெரிய உதவுகின்றன. பிகாரிலிருந்தும் ஒரிஸாவிலிருந்தும் ரயிலேறி வந்து, உலைக்கூடத்து அனலில் நின்று, வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போய்வரும் உழைப்பாளிகளைப் பார்த்தவர்கள், பிழைப்புக்காக வலசை போவது பறவைக்கு மட்டும் உரிய தர்மம் அன்று என்பதை அறிவார்கள். ஆகையால் ஆலையை ஏரிக்குப் பகையாக நிறுத்திப் பேசுவது அடியேனுக்குச் சம்மதமன்று. ஆயினும் தெற்கே எண்ணூரில் நடந்ததை மறைத்துப் பேசுவதும் நேர்மையாகாது. அனல்மின் நிலையத்தின் சாம்பல் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தை எவ்வாறு மேடாக்கியது என்பதை அவ்வூர் மீனவர் பல வருஷங்களாகச் சொல்லி வருகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசடு வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, இறகெல்லாம் எண்ணெய் அப்பிப் பறக்கவும் மாட்டாமல் நின்ற கூழைக்கடாக்களின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. வலையும் படகும் பாழாகிக் கரையில் அமர்ந்திருந்த மீனவரின் படங்களும் அவற்றின் பக்கத்திலேயே வந்தன. காட்டுப்பள்ளியில் உள்ள 330 ஏக்கர்த் துறைமுகத்தை 6,111 ஏக்கராக விரிக்கும் யோசனையும் பல வருஷமாக விவாதத்தில் இருக்கிறது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே உள்ள மெலிந்த மணல்திட்டை அலை அரித்துவிட்டால் பழவேற்காடு கடலோடு கலந்துவிடும் என்பது அதை எதிர்க்கும் கிராமத்தாரின் அச்சம்.

இத்தகைய திட்டங்களை ஆராய்ந்து அனுமதி தருவதற்கென்று 2006-ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை இருக்கிறது. அதன் வழக்கப்படி பல திட்டங்களுக்கு, மழைக்காலம் நீங்கலாக, ஏதேனும் ஒரு பருவத்தின் தரவுகளைச் சேகரித்தால் போதும். மூன்று மாதம் காற்றையும் நீரையும் அளந்து, கண்ணில் பட்ட செடிகொடிகளுக்கும் பறவைகளுக்கும் ஒரு ஜாபிதா எழுதி இணைத்தால், அந்த இடத்தின் ஜீவராசிகளைப் பற்றிய அத்தியாயம் முடிந்தது. காற்றின் தூசியை அறிய இது போதுமோ என்னவோ; வலசைப் பறவையை அறிய இது எள்ளளவும் போதாது என்பதற்குக் கோடியக்கரையின் சரித்திரமே பிரத்தியட்சப் பிரமாணம். வடநாட்டுக்கு ஆனி ஆடி மழைக்காலம். நமது திருவள்ளூர்க் கரைக்கோ ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்காலம். அதாவது, எந்த மாதங்களில் சைபீரியப் பறவை வந்து இறங்குகிறதோ, எந்த மாதங்களில் ஆரணியாறு பெருகி ஏரியின் உவர்ப்பையே மாற்றுகிறதோ, அந்த மாதங்களைக் கணக்கிலிருந்து விலக்கிவிட இவ்விதி இடமளிக்கிறது. சித்திரை வெயிலில், பறவைகள் போன பிறகு, வறண்ட திட்டைப் பார்த்து, இங்கே குறிப்பிடத்தக்க பறவைகள் இல்லை என்று ஒருவர் எழுதினால், அவர் பொய் சொன்னவர் ஆகமாட்டார். ஆயினும் அவர் எழுதியது உண்மை ஆகாது. கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த மறுநாள் வந்து, இவ்வீட்டுக்கு உறவினர் இல்லை என்று தீர்ப்புச் சொல்வதற்கும் இதற்கும் அதிக பேதமில்லை.

வலசையைப் பற்றி உலக மேடைகளில் நம் நாடு பேசுவதில் குறைவில்லை. 2020-ல் வலசை உயிரினங்களுக்கான சர்வதேச மாநாட்டைக் காந்திநகரில் நாமே நடத்தினோம். 2024-ல் சமர்க்கந்தில் கூடிய அடுத்த மாநாட்டில், முப்பது நாடுகளை இணைக்கும் மத்திய ஆசிய வான்வழிக்கான முயற்சி ஏற்கப்பட்டு, அதை ஒருங்கிணைக்கும் பொறுப்பும் இந்தியாவைச் சார்ந்தது. மரக்காணத்தில் ஒரு பன்னாட்டுப் பறவைகள் மையம் அமைப்பதாகத் தமிழக அரசும் அறிவித்திருக்கிறது. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை. ஆனால் வான்வழி என்பது வானத்தில் மட்டும் இருப்பதன்று; பறவை இறங்கி நிற்கும் சேற்றில் இருப்பது. மாநாடுகளில் ஏற்ற பிரதிக்ஞையை நிறைவேற்ற வேண்டிய இடம் அண்ணாமலைச்சேரியின் படகுத்துறையும் சுண்ணாம்புக்குளத்தின் கரையுமே.

ஆகவே நான் முன்வைப்பது ஒரு சிறிய யோசனை. பழவேற்காட்டின் தமிழகக் கரையில், கோடியக்கரையில் நடந்ததைப் போன்று, வருஷம் முழுவதும் இடையறாமல் எண்ணவும் வளையமிடவும் கூடிய நிரந்தரமான பறவை ஆராய்ச்சி நிலையம் ஒன்று வேண்டும். ஏரியைச் சூழ்ந்த பிரதேசத்தில் எந்தப் பெருந்திட்டமும், குறைந்தபட்சம் மூன்று வருஷம் தொடர்ச்சியாக, மழைக்காலம் உட்பட எல்லாப் பருவங்களிலும் எடுத்த அந்நிலையத்தின் கணக்கைக் கண்டபிறகே பரிசீலிக்கப்பட வேண்டும்.

மூன்று வருஷம் காத்திருந்தால் முதலீடு வேறு மாநிலத்துக்குப் போய்விடும் என்பார்கள். இந்த ஆட்சேபத்தை அலட்சியம் செய்யக்கூடாது. வேலையில்லாத வாலிபனுக்கு மூன்று வருஷம் என்பது சிறிய காலமன்று. ஆனால் நிலையம் ஒன்று இருந்து, ஏடு தொடர்ந்து எழுதப்பட்டு வந்தால், திட்டம் வந்த பிறகு மூன்று வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. கணக்கு முன்பே தயாராக இருக்கும். எந்த இடம் ஆலைக்கு ஏற்றது, எந்தச் சேறு தொடக்கூடாதது என்பது தொழிலதிபருக்கும் முதல் நாளே தெரியும். இன்று நடப்பதோ வேறு: மூன்று மாதத்தில் அறிக்கை எழுதி, அதன் குறைகளைப் பற்றி நீதிமன்றங்களிலும் பசுமைத் தீர்ப்பாயத்திலும் பல வருஷம் வழக்காடுவது. அவசரத்தினால் மிச்சமாகும் காலத்தைவிட அதனால் விரயமாகும் காலமே அதிகம் என்பதை நம் அனுபவம் காட்டவில்லையா?

பணம் எங்கிருந்து வரும் என்பார்கள். 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டுமென விதிக்கிறது. இந்தத் தொழிற்பேட்டையைச் சேர்ந்த நிறுவனங்கள் அதில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கினாலே போதும்; வலைகளும் தூரதரிசினிகளும் ஒரு படகும் சில பேரின் சம்பளமும் ஓர் உலைக்கூடத்தின் மின்கட்டணத்துக்கு அருகிலும் வாரா. ஆனால் ஒரு நிபந்தனை: பணம் கொடுப்பவர் கணக்கு எழுதுபவரை அமர்த்தலாகாது. எடைமேடையைச் சரக்கு விற்பவன் தன் வீட்டில் வைத்துக்கொண்டால் எடையை யார் நம்புவார்? நிலையம் ஒரு பல்கலைக்கழகத்தின் பொறுப்பிலோ பம்பாய்க் கழகத்தைப் போன்ற ஸ்தாபனத்தின் பொறுப்பிலோ இருந்து, அதன் ஏடு மாதந்தோறும் தமிழில் வெளியாகிக் கரையோரப் பஞ்சாயத்துகளின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.

ஏட்டை எழுதுகின்ற கைகளும் பெரும்பாலும் இந்தக் கரையின் கைகளாகவே இருக்க வேண்டும். பாடு என்னும் முறையினால் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடலாம் என்று தமக்குள் வகுத்துக்கொண்டு, தலைமுறைகளாக ஏரியைப் பங்கிட்டு வாழ்ந்துவரும் மீனவருக்கும், இடுப்பளவு நீரில் அமர்ந்து கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளருக்கும் தெரியாத நீர்மட்டம் எந்தக் கருவிக்கும் தெரியாது. மீர்ஷிகார்களை விஞ்ஞானம் அணைத்துக்கொண்டதுபோல இவர்களுடைய பிள்ளைகளை இந்நிலையம் அணைத்துக்கொள்ளட்டும். சரணாலயம் என்ற சொல்லைக் கேட்டாலே, தங்கள் பட்டா நிலத்துக்கும் வலைக்கும் தடை வருமென்று அஞ்சும் மக்களிடம், பறவையைக் காவல்காரனின் தடியோடு அறிமுகப்படுத்தியது நம் பிழை. பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் அடங்கியிருந்த வேடந்தாங்கலில், பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதைக் கண்ட குடியானவர்களே, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, அங்கே வேட்டையாடலாகாது என்ற உத்தரவைப் பெற்றார்கள். அரசாங்கம் மக்களுக்குப் போதித்ததன்று அது. மக்கள் அரசாங்கத்துக்குப் போதித்தது. தம் பிழைப்போடு பிணைந்த பறவையை மக்கள் காப்பார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருப்பதால், சூலூர்ப்பேட்டைப் பக்கத்தவரோடும் நேலப்பட்டில் கூழைக்கடாக்களைக் காத்து வருபவரோடும் இந்நிலையம் கணக்கைப் பகிர்ந்துகொள்வதும் அவசியம். காலையில் தமிழ்நாட்டிலும் மாலையில் ஆந்திரத்திலும் மேயும் பூநாரையை இரண்டு ராஜ்யங்களும் தனித்தனியே எண்ணினால் ஒன்று இரண்டாகும். இருவரும் எண்ணாவிட்டால் ஒன்றுமில்லாமல் போகும்.

சாலிம் அலி 1987-ல் மறைந்தார். அவர் தொடங்கி வைத்த கணக்கை எழுதியவர்களும் முதியவர்களாகிவிட்டார்கள். ஒரு மனிதரின் ஆயுளுக்குள் அடங்காத இந்த வேலையை ஸ்தாபனங்கள்தாம் தொடர முடியும். பருவமழைக்கு முன் புரட்டாசியிலேயே முதல் உள்ளான்கள் ஏரிக்கு வந்துவிடும். அதற்குள், சுண்ணாம்புக்குளத்திலோ அண்ணாமலைச்சேரியிலோ, ஓர் அறையும் ஒரு படகும் இரண்டு ஆட்களும் ஒரு பேரேடும் கொண்டு இந்தக் கணக்கைத் தொடங்குமாறு, வனத்துறையையும் சிப்காட் நிர்வாகத்தையும் ஜில்லா ஆட்சியாளரையும் கேட்டுக்கொள்கிறேன். இரும்புக்கு நாம் வைத்திருக்கும் எடைமேடைக்குக் கிழக்கே, உயிருக்கும் ஒன்று வைப்பது நியாயம்.